மரமேறும் கயிறு: பயிற்சி வகுப்புக்கு அப்புறம் தெரிய வேண்டியவை

கேள்வி இதுதான்: "பல வருடமாக மரம் வெட்டுகிற வேலை. இப்போதுதான் ஹார்னஸ், ஏறுகயிறு எல்லாம் வாங்கி அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்கிறேன். முடிச்சுகள் தெரியும். ஆனால் கைதேர்ந்தவர்கள் அரை மணியில் முடிப்பதற்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. கயிற்றில் அப்படி என்ன நுணுக்கம் இருக்கிறது?"

முடிச்சு தெரியும் என்றால் பாதி தெரியும். மீதிப் பாதியில் இரண்டு விஷயம்தான் உண்டு: கயிறு எந்தக் கோணத்தில் தொங்குகிறது, எங்கே எவ்வளவு உரசுகிறது. சீக்கிரம் முடிக்கிறவர்களை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் கை ஒன்றும் வேகமாக ஓடாது. கயிறு கிடக்க வேண்டிய இடத்தில் கிடப்பதால், நீங்கள் கையால் செய்கிற வேலையை அவர்களுக்குக் கயிறே செய்துவிடுகிறது. கீழே சொல்வதெல்லாம் புளி, வேம்பு, மா, தூங்குமூஞ்சி மாதிரி கிளை விரிந்த மரங்களுக்கு. தென்னைக்கும் பனைக்கும் கணக்கு வேறு. அங்கே கயிறு போடக் கவையே, அதாவது கிளை பிரிகிற இடமே, கிடையாது. மட்டையின் மேல் கயிற்றை வீசித் தொங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எறிகயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களுக்கு அதிக நேரம் போவது இங்கேதான். ஒன்றே முக்கால் முதல் இரண்டேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான நூல்கயிறு, முனையில் 280 முதல் 400 கிராம் வரை எடையுள்ள பை. எல்லா மரத்துக்கும் ஒரே பையை எறிவது வீண் வேலை. புளி, வேம்பு போலப் பட்டை சொரசொரப்பாக இருந்தால் இலேசான பை மேலேயே நின்றுவிடும். நூலின் உரசலை மீறிக் கீழே இறங்க அதற்கு எடை போதாது. அங்கே கனமான பை வேண்டும். தைலமரம் மாதிரி வழவழப்பான பட்டையில் இலேசான பையே வழுக்கி இறங்கிவிடும், எறியவும் இன்னும் உயரமாகப் போகும்.

நூலை முழங்கையில் சுற்றி வைக்காதீர்கள். சுற்றினால் சிக்கும். ஒரு பெட்டிக்குள் கைக்குக் கை அப்படியே திணித்துக்கொண்டே போங்கள். பார்க்கத் தாறுமாறாக இருக்கும், ஆனால் எறியும்போது சிக்கில்லாமல் கிளம்பும். நூலை இரட்டையாக மடித்துப் பிடித்து, பையை இரண்டு கால்களுக்கு நடுவே ஆட்டி இரு கையாலும் எறிந்தால் உயரம் கிடைக்கும். ஒரு கையால் பக்கவாட்டில் ஆட்டி எறிந்தால் குறி கிடைக்கும். கவையைப் பார்த்து எறியாமல் அதற்கு ஒரு முழம் மேலே பார்த்து எறியுங்கள். மிக உயரமான மரத்துக்கு, நீளக் கம்பின் தலையில் உண்டிவில் பொருத்திய கருவி இருக்கிறது. தினமும் பெரிய மரம் பார்க்கிறவர்களுக்கு அது தண்டச் செலவு இல்லை.

சரி, பை நீங்கள் நினைத்த கவையையும் தாண்டி இன்னும் இரண்டு கிளைமேல் விழுந்துவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் விழும். உடனே உருவித் திரும்ப எறியாதீர்கள். நூலை மெதுவாக இழுத்து, பை அந்த வேண்டாத கிளைக்குச் சற்றுக் கீழே தொங்கும்வரை கொண்டுவாருங்கள். பையை இலேசாக ஆட விட்டு, ஆட்டத்தின் உச்சியில் ஒரு சுண்டு. பை அந்தக் கிளையைத் தாண்டி இந்தப் பக்கம் விழும். இதே வேலையை எதிர்முனையிலிருந்தும் செய்யலாம். கையிலிருக்கும் முனையில் இன்னொரு பையைக் கட்டி, வேண்டிய கவைவரை தூக்கி, அங்கே ஆட்டி உள்ளே விழவைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்துவிட்டால், ஒரு மோசமான எறியையும் நல்ல ஆங்கராக, அதாவது உங்கள் எடையைத் தாங்குகிற பிடிப்பிடமாக, மாற்றிவிடலாம். உலக மரமேறும் போட்டியில் எறிகயிற்றுக்கென்றே தனிச் சுற்று வைத்திருக்கிறார்கள்.

நூலைத் திரும்ப உருவ வேண்டியிருந்தால் பையைத் தரைக்கு இறக்கி, கழற்றிவிட்டு, வெறும் நூலை மட்டும் உருவுங்கள். பையோடு இழுத்தால் அது ஏதோ ஒரு கவையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி மாட்டினாலும் வெறியோடு இழுக்கக் கூடாது. விடுபட்ட பை குண்டு மாதிரி முகத்துக்கு வரும். நூலைத் தளர்த்தி, அலை அலையாக உதறிப் பாருங்கள். முக்கால்வாசி விழுந்துவிடும்.

எறிவதற்கு முன்னால் இரண்டு விஷயத்துக்காக மரத்தைச் சுற்றி வாருங்கள். மலைத்தேனீக் கூடோ கதண்டுக் கூடோ இருந்தால், பை அதில் பட்ட பிறகு யோசிக்க நேரமிருக்காது. அடுத்தது மின்கம்பி. பை கிளையைத் தாண்டிக் கம்பிமேல் விழ வாய்ப்பிருக்கிற மரத்தில் மின்வாரியம் லைனை நிறுத்தும்வரை எறியவே வேண்டாம். ஈரக் கயிறு மின்சாரத்தைக் கடத்தும்.

நூலில் ஏறுகயிற்றைக் கட்டி இழுக்கும்போது, கயிற்று முனையின் மேல் மூன்று நான்கு அரைமுடிச்சு வரிசையாகப் போடுங்கள். முனை கூராக நின்று கவையில் முட்டாமல் வழுக்கிப் போகும்.

இனி ஆங்கர். புளியங்கொம்பு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. கையளவு தடிமனுள்ள பச்சைப் புளியங்கிளை தாங்குவதை, அதே தடிமனுள்ள முருங்கையோ பெருங்கொன்றையோ தாங்காது. மர வகையைப் பார்த்த பிறகு கவையைப் பாருங்கள். வி எழுத்து மாதிரி குறுகி, நடுவில் பட்டை உள்ளே மடிந்திருக்கிற கவை பிளக்கும். கீழே காளான் முளைத்திருந்தாலோ பொந்து இருந்தாலோ அந்தக் கவை வேண்டாம். கயிறு கிளையின் நடுவில் கிடக்கக் கூடாது, அடிமரத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் எடை கிளையை வளைக்காமல் அடிமரத்துக்குள் இறங்கும்.

கயிற்றைக் கவைமேல் போட்டு மறுமுனையை மரத்தின் அடியில் கட்டி ஏறுகிறீர்கள் என்றால் ஒரு கணக்கை மனசில் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை 80 கிலோ. கவைக்கு மேல் கயிற்றின் இரண்டு பக்கமும் 80, 80. ஆகக் கவைக்கு ஏறத்தாழ 160 கிலோ. பட்டையில் உரசுவதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஏறும்போது எகிறினால் இன்னும் கூடும். அதனால் சோதனையையும் அதே அமைப்பில் செய்யுங்கள். அடியில் கட்டிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து தொங்கி இலேசாகக் குதித்துப் பாருங்கள். ஒருவர் கையால் இழுத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. உச்சியில் கவைக்கே கயிற்றைக் கட்டிவிட்டால் இந்த இரட்டிப்பு கிடையாது. ஆனால் அங்கே நீங்கள் மயங்கினால், உங்களை இறக்க இன்னொருவர் மேலே ஏறி வர வேண்டும்.

அடியில் கட்டுவதன் பெரிய லாபமே அந்த மீட்பில்தான் இருக்கிறது. அடிக்கட்டில் வெறும் முடிச்சுக்குப் பதிலாக இறக்குகிற கருவியை வைத்து, மிச்சக் கயிற்றைப் பையில் போட்டு வைத்தால், கீழே நிற்பவரே உங்களை இறக்கிவிடலாம். அதற்குக் கவை உயரத்தைப்போல மூன்று மடங்கு கயிறு வேண்டும். கவை 20 மீட்டரில் என்றால் 60 மீட்டர். பலர் இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கருவி இருந்தும் பயனில்லை. அடிக்கட்டு வெட்டுகிற பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே ரம்பம் பிடிக்கிறவர் அந்தக் கயிற்றைத் தெரியாமல் வெட்டினாலும், விழுகிற கிளை அதன்மேல் அடித்தாலும் விளைவு உங்களுக்குத்தான்.

ஏறுவதில் இரண்டு முறை உண்டு. கயிறு கவைமேல் ஓடிக்கொண்டே இருக்கிற பழைய முறை ஒன்று. கயிறு அசையாமல் நிற்க, நீங்கள் மட்டும் அதன்மேல் ஏறுகிற முறை இன்னொன்று. முதல் முறையில் உங்கள் எடை இரண்டு கயிற்றில் பிரிவதால் இழுக்க இலேசு, ஆனால் ஒரு மீட்டர் இழுத்தால் அரை மீட்டர்தான் ஏறுவீர்கள். இரண்டாவதில் கால் ஏறுகருவியும் முழங்கால் ஏறுகருவியும் மாட்டிக்கொண்டு படியேறுவது போலப் போய்விடலாம். உயரமான மரத்துக்குள் நுழைய நிற்கிற கயிறு, உள்ளே போன பிறகு விரிந்த கிளைகளில் அங்குமிங்கும் வேலை செய்ய ஓடுகிற கயிறு என்பது என் பழக்கம். இரண்டையும் நிற்கிற கயிற்றிலேயே முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஓடுகிற முறையில் கயிற்றை நேராகப் பட்டைமேல் ஓட விடாதீர்கள். மரத்தின் பட்டையும் உரியும், கயிறும் தேயும், நீங்களும் களைத்துப்போவீர்கள். இரண்டு முனையிலும் வளையம் வைத்த, நாடா மாதிரி தட்டையான பட்டைவாரைக் கவையில் போட்டு அந்த வளையங்கள் வழியாகக் கயிற்றை ஓட்டுங்கள். வளையம் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஏன் என்று இறங்கிய பிறகு தெரியும். கயிற்று முனையில் பெரிய வளையத்துக்குள் நுழைந்து சின்ன வளையத்தில் மாட்டுகிற அளவில் ஒரு குண்டை வைத்து, பெரிய வளையம் இருக்கிற பக்கமாக அதை மேலே போகவிட்டு இழுத்தால் பட்டைவாரும் கூடவே உருவிக்கொண்டு வந்துவிடும். வளையம் இரும்போ அலுமினியமோ, தலைக்கு மேலிருந்து வருகிறது. எனவே கயிற்று வாலில் எறிநூலைக் கட்டி வேகத்தைத் தணியுங்கள், நேர்கீழே நிற்காதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பட்டைமேல் ஓடும்போது உங்கள் எடையில் ஒரு பங்கை அந்த உரசலே தாங்கிக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் பிடிமுடிச்சு, அதாவது ஏறுகயிற்றைச் சுற்றி இறுகி உங்களை நிறுத்துகிற முடிச்சு, தாங்குகிறது. வளையத்துக்கோ கப்பிக்கோ மாறியதும் உரசல் குறைந்து முடிச்சுக்கு வேலை கூடிவிடும். நேற்றுவரை அழகாகப் பிடித்த முடிச்சு இன்று வழுக்குகிறதே என்று கயிற்றைக் குறை சொல்வார்கள். ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும். நிற்கிற கயிற்றில் நிலைமை இன்னும் கடுமை. முழு எடையும் முடிச்சின்மேல் விழுவதால் ஒன்று இறுகிக்கொண்டு அசையாது, இல்லை சூடாகிவிடும். அதற்காகத்தான் முடிச்சுக்கு மேலே கயிற்றை வளைத்து உரசலைப் பங்கு போடுகிற ரோப் ரெஞ்ச் என்ற கருவியைக் கெவின் பிங்காம் கொண்டுவந்தார்.

பிடிமுடிச்சைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த கருவிக்கு ஓடுவதற்கு முன் பிளேக் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள். மலையேறிகளின் புருசிக் முடிச்சு 1931-லேயே வந்துவிட்டது. ஆஸ்திரியக்காரர் கார்ல் புருசிக் அதை எழுதி வைத்தார். பிளேக் முடிச்சு 1990-களில்தான் மரமேறிகளிடம் பரவியது. அதற்கு முன்பே 1981-இல் ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற இன்னொரு ஆஸ்திரியர் அதைப் பதிப்பித்திருந்தார். நான்கு சுற்று, முனை கீழிரண்டு சுற்றுக்குள் நுழைந்து வெளியே வரும், வாலில் ஒரு தடுப்புமுடிச்சு. தனிக் கயிறு வேண்டாம், கருவி வேண்டாம், ஏறுகயிற்றின் வாலே போதும். குறை என்னவென்றால், வேகமாக இறங்கினால் சூடு ஒரே இடத்தில் விழுந்து அந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். அதனால்தான் தினசரி வேலைக்குத் தனியாக 8 முதல் 10 மில்லிமீட்டர் முடிச்சுக்கயிறு வைத்து டிஸ்டல், வி.டி. போன்ற முடிச்சுகளுக்குப் போகிறார்கள்.

அந்த முடிச்சுக்கயிறு எதில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகும். அராமிட் நார் உருகுவதே இல்லை, அதைவிட ரொம்ப அதிகச் சூட்டில்தான் கருகும். டைனீமா என்ற நார் உறுதியில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். எனவே உரசுகிற இடத்துக்கு அது ஆகாது. ஹார்டுவேர் கடையில் சுருளாகத் தொங்குகிற மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். 165 டிகிரி பக்கம் உருகும், வெயிலில் நைந்துபோகும். வெட்டிய கிளையைக் கட்டி இழுக்க வைத்துக்கொள்ளுங்கள், உயிரை அதில் தொங்கவிடாதீர்கள். ஏறுகயிற்றுக்கு ஐரோப்பியத் தரம் இ.என். 1891 ஏ வகை. குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ தாங்க வேண்டும். முடிச்சு போட்டதும் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

முடிச்சைப் போட்டதும் புரிகளை ஒழுங்குபடுத்தி, இழுத்து இறுக்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். மழை பெய்த பிறகும், பிசின் ஒட்டிய பிறகும், முடிச்சுக்கயிறு புதிதாக மாற்றிய பிறகும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் பிடி மாறும்.

இப்போது மரத்துக்குள் வந்துவிட்டீர்கள். கிளையின் நுனிக்கு நடக்க வேண்டும். இங்கேதான் கோணத்தின் விளையாட்டு. ஆங்கர் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. உங்கள் தலைக்கு மேல் கொஞ்சமே உயரத்தில் ஆங்கரை வைத்துக்கொண்டு கிடைக்கோட்டில் வெளியே போனால் கயிறு உங்களைத் தாங்காது, உள்ளே இழுக்க மட்டும்தான் செய்யும். எட்டு மீட்டர் கயிற்றில், செங்குத்திலிருந்து 45 டிகிரி விலகி நிற்கும்போது கால் வழுக்கினால் அடிமரத்தை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவீர்கள். 60 டிகிரி என்றால் 32 கிலோமீட்டர். கயிறும் அறுந்திருக்காது, முடிச்சும் வழுக்கியிருக்காது, ஆள் மட்டும் உடைந்திருப்பார்.

நடக்கும்போது கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். அடிமரத்துக்கு முகம் காட்டி, பின்பக்கமாக அல்லது பக்கவாட்டில், எடையைக் கயிற்றின்மேல் சாய்த்துக்கொண்டு போங்கள். கிளைக்கு உங்கள் பாதம் மட்டும் போதும். கோணம் மோசமாகிறது என்று தெரிந்தால் வழியிலுள்ள இன்னொரு கவையில் கயிற்றைப் போட்டுத் திசையைத் திருப்புங்கள். திருப்புகிற கவைக்கும் சுமை உண்டு. நிற்கிற கயிற்றின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் 120 டிகிரி விரிவு இருந்தால் உங்கள் எடை அளவே அதன்மேல் விழும். 90 டிகிரி என்றால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கவையைத் தேர்ந்தெடுக்கும்போது, இது முறிந்தால் நான் எந்தப் பக்கம் ஆடுவேன், அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன், ஹார்னஸிலிருந்து மரத்தைச் சுற்றி மாட்டுகிற குட்டைக் கயிறான லேன்யார்டையும் மாட்டி, இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருங்கள். மோட்டார் ரம்பத்துக்கு மட்டும் இந்த விதி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளைந்த கைரம்பம் இறுகிய கயிற்றை ஒரு தொடுதலில் அறுத்துவிடும். தளர்ந்த கயிறு தப்பிக்கலாம், எடை தாங்கி நிற்கிற கயிறு தப்பிக்காது. இன்னொரு காரணமும் நம் ஊரில் உண்டு: மாமரத்து முசுறு எறும்பு. கழுத்துக்குள் அது ஏறினால் கை தானாகவே எல்லாவற்றையும் விட்டுவிடும்.

கீழே தொங்குகிற கயிற்று வாலை வெட்டுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டு வையுங்கள். விழுகிற கிளை அந்த வாலில் மாட்டினால் உங்களையும் சேர்த்து இழுக்கும். நுனிக் கனம் போனதும் கிளை சட்டென்று மேலே எழும், முழங்காலைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். காலில் மாட்டும் முள்ளாணி, வேரோடு எடுக்கப் போகிற மரத்துக்கு மட்டும்தான். கவாத்து செய்கிற மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண்.

துண்டுகளைக் கட்டி இறக்குவது தனிப் பாடம், ஆனால் எடைக் கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டு 200 கிலோ. விட்டம் 60 ஆனால் 280 கிலோ. அது சும்மா தொங்கினாலே மேலே உள்ள கப்பிக்கு இரட்டிப்பு. கப்பிக்கு மேலேயிருந்து விழுந்து நின்றால் பல மடங்கு. கயிறு அறுபடும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது வழக்கமான விதி. கீழே பிரேக் பிடிக்கிறவர் கயிற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கொஞ்சம் ஓடவிட்டு, தரைக்கு முன்னால் மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். நிறுத்தினால் அந்த அதிர்ச்சி நீங்கள் கட்டியிருக்கிற அதே அடிமரத்துக்கு வரும். மேலே இருப்பவரின் உயிர் இந்த ஆளின் கையில் இருப்பதால், புது ஆளை முதல் நாளே இங்கே நிறுத்தாதீர்கள். ஏறுகயிறும் இறக்குகயிறும் ஒருநாளும் ஒன்றாகக் கூடாது. வேறு வேறு நிறத்தில் வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்து கயிற்றை உருவும்முன் வாலில் இருக்கிற எல்லா முடிச்சையும் அவிழ்த்தாயிற்றா என்று கையால் தடவிப் பாருங்கள். மறந்த தடுப்புமுடிச்சு கவையில் போய் உட்கார்ந்தால் மறுபடியும் ஏறியே ஆக வேண்டும். வாலில் எறிநூலைக் கட்டிவிட்டு உருவினால், மாட்டிக்கொண்டாலும் திருப்பி இழுக்கலாம். கடைசி சில மீட்டரில் சுண்டாமல் ஒரே சீராக இழுங்கள். சுண்டினால் முனை சாட்டையாகச் சுழன்று கிளையைச் சுற்றிக்கொள்ளும்.

கயிற்றைப் பையில் போடும்போதே விரலால் முழு நீளத்தையும் உருட்டிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ கொழகொழவென்றோ, வளைத்தால் கூர்மையாக மடிவதாகவோ இருந்தால் உள்ளே புரி போய்விட்டது. அந்த இடத்தில் வெட்டிவிட்டுக் குட்டைக் கயிறாகச் சின்ன மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் தேய்மானம் ஒரே பக்கம் விழாது. அழுக்கானால் குளிர்ந்த நீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு, அப்புறம் நிழலில் காய வையுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். பேட்டரி அமிலம் அதைவிட மோசம், நைலானைத் தின்றுவிடும், பட்ட இடம் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம். வண்டியில் கயிற்றுக்கென்று மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்றை ஒதுக்கி, பேட்டரி, பெட்ரோல் கேன், செயின் ஆயில் மூன்றையும் அதற்கு எதிர்மூலையில் வையுங்கள்.